முதல் வாய் செவலைக்கு

என் மாமனார் இப்போது இல்லை. இருந்திருந்தால் இதை எழுத விட்டிருக்க மாட்டார். அப்படியே விட்டிருந்தாலும் எழுதியதை முதலில் நாய்க்குத்தான் படித்துக் காட்டியிருப்பார். எனக்கும் அவருக்கும் முதல் விருந்திலேயே ஆகாமல் போயிருக்க வேண்டியது. ஆகாமல் போகவில்லை என்றால் அதற்கு என் பொறுமைதான் காரணம் என்று நான் சொல்வேன். கேட்டால் என் மனைவி சிரிப்பாள்.

கல்யாணம் முடிந்து மறுவீடு. தேனியிலிருந்து ஓடைப்பட்டிக்கு, மாமனாரின் திராட்சைத் தோட்டத்து வீட்டுக்கு, புது வேட்டி, புதுச் சட்டை, கழுத்தில் சங்கிலி என்று மாப்பிள்ளை முறுக்கோடு போய் இறங்கினேன். கூடத்தில் பாய் விரித்து, தலைவாழை இலை போட்டு, கறிக்குழம்பு, ஈரல் வறுவல், எலும்புச் சாறு எல்லாம் பரிமாறியாகிவிட்டது. பஸ்ஸில் வந்த பசி. சோற்றில் கையை வைத்துவிட்டேன்.

"ஒரு நிமிசம் பொறுங்க மாப்ள. அவுக வந்துறட்டும்" என்றார் மாமா.

யாரோ பெரியப்பா போலிருக்கிறது, வயசானவர், மெதுவாக வருவார் என்று கையை இலையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொல்லைப் பக்கமிருந்து வந்தது ஒரு செவலை நிற நாய். முகம் மட்டும் கறுப்பு. அவசரமே இல்லாமல் நடந்து வந்து மாமாவுக்கு இடது பக்கம் உட்கார்ந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தது. மாமா சோற்றைப் பிசைந்து, நடுவில் ஒரு ஈரல் துண்டை வைத்து, வாயால் ஊதி ஆற்றி, அதற்கு மூன்று வாய் ஊட்டினார். அது மென்று விழுங்கும் வரை அந்த வீட்டில் யாரும் அசையவில்லை. பிறகு கிண்ணத்துத் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ம், இப்ப ஆரம்பிங்க."

எனக்குச் சுருக்கென்று வந்தது. சாப்பிட்டேன், இல்லை என்று சொல்லவில்லை. அத்தையின் கைப்பக்குவம் அப்படி. ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் என் மனைவியிடம் கொட்டித் தீர்த்துவிட்டேன்.

"உங்கப்பா என்னைய நாய்க்குப் பின்னாடி உக்கார வச்சுட்டாரு."

"பின்னாடி எங்கங்க? பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க" என்றாள் அவள்.

கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்துச் சொன்னாள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

எங்கள் வீட்டிலும் நாய் வளர்த்திருக்கிறோம். தேனி கடைத்தெருவில் தண்ணீர் மோட்டார் வியாபாரம் செய்கிற குடும்பம் எங்களுடையது. ராத்திரி எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு, சட்டியில் ஒட்டியது, தட்டில் மிஞ்சியது எல்லாவற்றையும் வழித்து, கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு நசுங்கிய தட்டில் கொட்டுவோம். நாய் என்றால் மிச்சம் தின்கிற ஜீவன் என்றுதான் எனக்குப் பழக்கம். மாமாவிடம் ஒருநாள் இதைப் பெருமையாகவே சொன்னேன். எதுவும் வீணாவது கிடையாது பாருங்கள் என்ற அர்த்தத்தில்.

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். "மிச்சத்தப் போட்டு வளத்தா அது மிச்சத்தத்தான காக்கும் மாப்ள? எனக்கு முழுத் தோட்டமும் வேணும்ல."

அவரை நாய்ப் பைத்தியம் என்று நினைத்துவிட வேண்டாம். தெருவில் போகிற நாயை நின்று கொஞ்சுகிற ஆள் இல்லை. செவலையையே அவர் தடவிக் கொடுத்து நான் பார்த்தது கிடையாது. எல்லாம் சாப்பாட்டில் மட்டும்தான். தான் வாயில் வைக்கிற எதிலும் முதல் வாய் அதற்குப் போக வேண்டும். அதுவும் மரியாதையாகப் போக வேண்டும். "அவுக சாப்ட்டாகளா?", "அவுகளுக்கு மோரு ஊத்தியாச்சா?" என்றுதான் கேட்பார். எங்கள் பக்கத்தில் பெரிய மனுசர்களைப் பற்றிப் பேசுகிற பேச்சு அது. எனக்கே முதல் வருடம் பூராவும் "மாப்பிள்ளை வந்தாரு, போனாரு" தான். செவலைதான் வந்தாக, போனாக.

ஒரு தடவை கோம்பையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். செவலையைக் குட்டியாகக் கொடுத்தது அவர்தான். ஓடைப்பட்டிக்கு ஏதோ சோலியாக வந்தவர், தன் குட்டி எப்படி வளர்ந்திருக்கிறது என்று பார்க்க ஆசையாகத் தோட்டத்து வீட்டுக்கு வந்துவிட்டார். கோம்பை நாய் என்றால் சும்மாவா? வேட்டைக்குப் போகிற இனம். அவர் வந்த நேரம் காலை டீ நேரம். மாமா ஒரு வர்க்கியை டீயில் முக்கி, சொட்டு விழாமல் தூக்கி, செவலையிடம் நீட்டினார். அது முன்பல்லால் நோகாமல் வாங்கிக்கொண்டது.

வந்தவருக்கு முகம் தொங்கிப் போயிற்று. "ஏங்க, இது நான் குடுத்த குட்டிதானா?"

"ஆமா."

"இதோட ஆத்தா காட்டுப்பன்னிய மறிச்சு நின்ன நாயிங்க. இது என்னடான்னா வர்க்கிய நனைச்சுத் திங்குது. கோம்பைக்காரன் மானத்தையே வாங்கிப்புட்டீகளே!"

மாமா அடுத்த வர்க்கியை முக்கினார். "பன்னி வந்தா மறிப்பாக. இப்ப வரலேல்ல?"

வந்தவருக்கு டீ அதற்குப் பிறகுதான் வந்தது. பாவம், பாதி டம்ளரிலேயே எழுந்து போய்விட்டார்.

வெளியூர் போனாலும் இதே கதைதான். சின்னமனூரில் ஒரு பரோட்டாக் கடையில் அவரோடு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு நாக்கில் எச்சில் ஊறுகிறது. மாமா முதலில் பார்சலைக் கட்டச் சொன்னார். பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை அடியில் இருக்கிற காரம் கலக்காமல் மேலாக எடுத்து ஊற்றச் சொன்னார். "வீட்டுல சின்னப்புள்ளையாண்ணே?" என்று கேட்டார் கடைக்காரர். "வளந்த புள்ளதான், காரந்தான் ஆகாது" என்றார் மாமா. பார்சல் கைக்கு வந்து, அதை மேசையில் தன் இடது பக்கமாக வைத்த பிறகுதான் அவருக்கு வாயைத் திறக்க முடிந்தது. பார்சலைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். கடைக்காரர் என்னிடம் வந்து, "அந்தப் புள்ளைக்கு உடம்புக்கு எதும் முடியலையா?" என்று இரக்கமாகக் கேட்டுவிட்டுப் போனார். நான் என்னத்தைச் சொல்ல? நல்லாத்தான் இருக்கு என்றேன்.

இதில் அதிகம் பட்டது அத்தைதான். அத்தை வைக்கிற மீன் குழம்பை ஒரு வாய் வைத்தால் காது அடைக்கும் என்று சொந்தக்காரர்கள் எல்லாம் சொல்வார்கள். எனக்கு அந்தக் குழம்பு கொடுத்து வைக்கவில்லை. செவலை குட்டியாக இருக்கும்போது காரம் பட்டுத் தும்மித் தும்மி மூக்கைத் தரையில் தேய்த்ததாம். அன்றைக்கு அந்த வீட்டு அம்மியில் குறைந்த மிளகாய் பிறகு கூடவே இல்லை. நாய்க்கென்று தனியாகக் கொஞ்சம் ஆக்கி வைக்கிறேன் என்று அத்தை சொல்லிப் பார்த்திருக்கிறார்.

"தனிச் சட்டியா? ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு ஒலையா? பந்தியப் பிரிக்கச் சொல்றியா?" என்று குதித்தாராம் மாமா.

"அப்ப நான் வாய்க்கு ருசியாத் திங்கவே கூடாதா? உங்க செவலை நாக்குக்குத்தான் நான் ஆக்கிக் கொட்டணுமா?"

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டாராம். அத்தை அடுப்படியில் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு ஊறுகாய் பாட்டிலை ஒளித்து வைத்திருந்தார். நான் போகும்போதெல்லாம் இலையில் சோற்றுக்கு அடியில் ஒரு துண்டு மிளகாய் ஊறுகாய் கிடக்கும். தோண்டி எடுத்துத் தின்றுகொள்ள வேண்டியது. மாமியாருக்கும் மருமகனுக்கும் இப்படி ஒரு கூட்டணி உலகத்தில் வேறு எங்கும் அமைந்திருக்காது.

மாமாவுக்குச் சர்க்கரை இருப்பது தெரிய வந்தபோது கம்பத்தில் ஒரு டாக்டரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் நிதானமாக எல்லாம் சொன்னார். சோற்றைக் குறைக்க வேண்டும், ராத்திரிக்கு ரெண்டு சப்பாத்தி, மாத்திரை போட்டால் வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாது.

"எனக்குச் சரிங்க. கூட ஒருத்தர் சாப்பிடுறாக. அவுகளுக்குச் சோறு இல்லேன்னாத்தான் சங்கடம்" என்றார் மாமா.

"வீட்டம்மாவா? அவங்களும் சப்பாத்தி சாப்பிடட்டும். நல்லதுதானே?"

"அவளைச் சொல்லலீங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த கண் படத்தைப் பார்த்தேன்.

அன்றைக்கு ராத்திரி சப்பாத்தியைப் பிய்த்து நீட்டினால் செவலை மோந்து பார்த்தது, மாமாவின் முகத்தைப் பார்த்தது, எழுந்து போய்விட்டது. முதல் வாய் போகாததால் மாமாவுக்கும் இறங்கவில்லை. அத்தைதான் சப்பாத்தியைப் பாலில் ஊறப் போட்டு அதற்கு வழி கண்டுபிடித்தார். ஆனால் அவருக்கு வேறொரு பயம் இருந்தது. மாமா மாத்திரை போடும் நேரம் பார்த்து எங்கிருந்தாலும் ஓடி வந்து எதிரே நின்றுகொள்வார். "எனக்கு ஒண்ணுமில்ல மாப்பிள்ள. இந்த மனுசன் மாத்திரையையும் பாதி ஒடிச்சு அதுக்குக் குடுத்துப்புடுவாரோன்னுதான்" என்பார்.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போய்விடலாம். வினை வந்தது திராட்சையில்.

அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பந்தலில் பழம் அறுப்புக்கு வந்துவிட்டால் முதலில் வெட்டுகிற குலை சாமிக்கு. அடுத்த குலை தோட்டத்தைக் காத்த நாய்க்கு. பந்தலுக்கு அடியில் படுத்துக் கிடந்து, நரியையும் அணிலையும் திருட்டுப் பயல்களையும் விரட்டியதற்கு மரியாதை. அதற்குப் பிறகுதான் பழம் கூடைக்குள் விழும். மாமாவின் அய்யா காலத்திலிருந்து இப்படித்தான். எந்த நாயும் அதனால் செத்ததாக யாரும் சொன்னதில்லை. திராட்சையால் ஒரு உயிர் போகும் என்று ஓடைப்பட்டியில் போய்ச் சொன்னால் சொன்னவனைத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார்கள்.

அந்த வருடம் அறுப்புக்கு முன்னால் மழை பிடித்துக்கொண்டது. பழுத்த திராட்சை மழையில் நனைந்தால் தோல் வெடித்துவிடும். வெடித்த பழத்தை எந்த வியாபாரியும் தொட மாட்டார். கூடை கூடையாக வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அத்தை அக்கம்பக்கமெல்லாம் கொடுத்தார், எங்களுக்கு இரண்டு பை கட்டினார், அப்படியும் தீரவில்லை. மாமா தயிர்ச்சோற்றில் உதிர்த்துப் போட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். அவர் சாப்பிட்டால் இன்னொருவரும் சாப்பிட வேண்டுமே.

"மாப்ள, தயிர்ச்சோத்துல திராட்சையப் போட்டா அவுக எப்பிடிச் சாப்பிடுறாகன்னு இங்கன வந்து பாருங்க" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். முதல் வாய் கையால் கொடுத்துவிட்டு, மீதியைச் செவலையின் தட்டில் கொட்டினார். அது தட்டைச் சுவர் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் நக்கியது. நல்ல ருசிதான் போல என்று நானும் பார்த்துச் சிரித்தேன்.

மறுநாள் காலை கடையைத் திறந்து கொண்டிருக்கும்போது அத்தையிடமிருந்து போன். "மாப்பிள்ள, செவலை வாந்தியா எடுக்குது. படுத்த எடத்த விட்டு எந்திரிக்கல. உங்க மாமா டீகூடக் குடிக்கல. வண்டிய எடுத்துக்கிட்டுச் சட்டுனு வாங்க."

கடைக்கு மோட்டார் ஏற்றுகிற வேனை எடுத்துக்கொண்டு போனேன். செவலையைப் போர்வையில் சுற்றிப் பின்னால் படுக்கப் போட்டு, மாமாவும் அத்தையும் அதன் இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டார்கள். முன் சீட் காலியாகவே வந்தது. சின்னமனூரில் ஒரு கால்நடை டாக்டரம்மா தனியாக மருத்துவம் பார்த்து வந்தார். சின்ன வயது. மேசையில் செவலையைத் தூக்கிப் போட்டதும் வயிற்றை அமுக்கிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நேத்து என்ன சாப்பிட்டுச்சு?"

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். "காலையில நாலு இட்லி, சாம்பாரு. பதினோரு மணிக்கு டீயும் வர்க்கியும். மத்தியானம் கத்திரிக்கா கொழம்பு, ரசம், தயிர்ச்சோறு. சாயங்காலம் ஒரு வடை. ராத்திரிக்குப் பாலுல ஊறப்போட்ட சப்பாத்தி."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "நான் நாயக் கேட்டேங்க. உங்களக் கேக்கல."

"நானும் அவுகளத்தான் ஆத்தா சொல்றேன்."

"ரெண்டு பேருக்கும் ஒண்ணுதாம்மா" என்றார் அத்தை, பின்னாலிருந்து.

"தயிர்ச்சோறுன்னா வெறும் தயிர்ச்சோறா?"

"திராட்சை போட்டது. நம்ம தோட்டத்துப் பழம். எனக்கு ஒரு கை, அவுகளுக்கு ரெண்டு கை. நாலஞ்சு நாளாவே அப்பிடித்தான்."

டாக்டரம்மா மாமாவை நிமிர்ந்து பார்த்தார். "அய்யா, திராட்சை நாய்க்கு விஷம்."

மாமா சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். "என்னத்தா சொல்ற? ஊரே திங்குது. கைப்புள்ளைக்குச் சாறு புழிஞ்சு குடுக்குறோம்."

"மனுசனுக்கு நல்லது. நாய்க்குக் கிட்னியப் புடிச்சுரும்."

"வருசா வருசம் குடுக்குறனே?"

"சில நாய்க்கு ஒண்ணும் செய்யாது. சிலதுக்குக் கொஞ்சம் பழமே போதும். எதுக்கு எப்பச் செய்யும்னு யாராலயும் சொல்ல முடியாது. இத்தன வருசம் தப்பிச்சது உங்க அதிர்ஷ்டம். திராட்சை, கிஸ்மிஸ், சாக்லேட், வெங்காயம், இதெல்லாம் கிட்டயே கொண்டு போகக் கூடாது."

"வெங்காயமுமா? அப்ப சாம்பாரு?"

"சாம்பாரும்தான்."

மாமா சிரித்த வாய் அப்படியே நின்றுவிட்டது. சுவரோரம் கிடந்த சிமென்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அத்தையைப் பார்க்கவில்லை, டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை. தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊதி ஊதிக் குடுத்தேனே மாப்ள" என்றார்.

எனக்கு அந்த நாயைப் பிடிக்காது என்று ஊருக்கே தெரியும். இருந்தாலும் அவர் அதைச் சொன்ன விதத்தைக் கேட்டுக்கொண்டு எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. வாசலில் போய் நின்றுகொண்டேன்.

டாக்டரம்மா ஊசி போட்டு, காலில் டிரிப் ஏற்றிவிட்டு வந்து தெளிவாகச் சொன்னார். "இனி ஒண்ணே ஒண்ணுதான். அது மூத்திரம் போகணும். போச்சுன்னா கிட்னி வேலை செய்யுதுன்னு அர்த்தம், பொழச்சுக்கும். போகலேன்னா, அய்யா, என்னால ஒண்ணும் உறுதி சொல்ல முடியாது."

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு விட்டவர்தான் மாமா, சாகும் வரை திராட்சையைத் தொடவில்லை. திராட்சைத் தோட்டக்காரர், பிறந்ததிலிருந்து தின்றவர். "நம்ம செவலைக்கு ஆகாதது எனக்கு மட்டும் எதுக்கு?" என்று ஒரே வார்த்தைதான். அதற்கு அடுத்த அறுப்பில் குமுளிப் பக்கத்திலிருந்து ஒரு மலையாள வியாபாரி வந்தார். பந்தலில் ஒரு குலையைப் பறித்து மாமாவிடமே நீட்டி, "நிங்ஙள் ஒண்ணு கழிக்கு சேட்டா, பின்ன ஞான் வெல பறயாம்" என்றார். நீங்கள் முதலில் தின்னுங்கள், பிறகு விலை பேசுகிறேன் என்கிறார்.

"எனக்கு ஆகாது" என்றார் மாமா.

"ஷுகராணோ?"

"சர்க்கரைக்காக இல்ல. நாய்க்கு ஆகாது."

அந்த மனுசருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சொந்தத் தோட்டத்துப் பழத்தையே வாயில் வைக்க மறுக்கிறாரே, நேற்றுத்தான் மருந்து அடித்திருக்கிறாரோ என்று சந்தேகப்பட்டுக் கிளம்பத் தயாராகிவிட்டார். நான் ஓடிப்போய் அவர் கண் முன்னால் ஒரு முழுக் குலையைத் தின்று காட்டினேன். அப்படியும் கால் மணி நேரம் எனக்கு ஏதாவது ஆகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் விலை சொன்னார்.

சரி, ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். அன்றைக்குப் பகல் பூராவும் டிரிப் ஏறியது. ஒரு சொட்டு மூத்திரம் இல்லை. மறுநாளும் காலையிலேயே கொண்டுவந்து படுக்கப் போட்டோம். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை செவலையை எழுப்பி, ஆஸ்பத்திரிக்கு முன்னால் இருந்த வேப்பமரத்துக்கு நடத்திக்கொண்டு போக வேண்டும். பாட்டிலைத் தூக்கிப் பிடிக்கிற உத்தியோகம் எனக்கு. மாமா மரத்தடியில் குந்திக்கொண்டு, கைக்குழந்தையைக் காலில் போட்டுக்கொண்டு சொல்வோமே, அதுபோல "உஸ்ஸ்... உஸ்ஸ்ஸ்..." என்பார். ஒரு சொம்பிலிருந்து தண்ணீரைச் சன்னமாகத் தரையில் ஊற்றிக் காட்டுவார். மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு பெரியவர், "ஊத்துறத நிறுத்துங்கய்யா, எனக்கு முட்டிக்கிட்டு வருது" என்று சொல்லிவிட்டு அவசரமாகப் போனார். செவலை மட்டும் மரத்தை மோந்து பார்த்துவிட்டு மண்ணில் படுத்துக்கொண்டது.

மாமா சாப்பிடவில்லை. முந்தின நாளும் சாப்பிடவில்லை. "அவுக வாயில ஒண்ணும் எறங்கல. எனக்கு எப்பிடி எறங்கும்?" இதில் பெரிய பைத்தியக்காரத்தனம், சர்க்கரை மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டிருந்தார். சொம்பு பிடித்த கை நடுங்கியது. கழுத்தெல்லாம் வேர்வை. டாக்டரம்மா பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார்.

"அய்யா, நான் மாட்டு டாக்டர். நீங்க மயங்கி விழுந்தா உங்களுக்கு ஊசி போட எனக்கு உரிமை கிடையாது. போய்ச் சாப்பிடுங்க மொதல்ல!"

"அவுக மொதல்ல" என்றார் மாமா. அவ்வளவுதான்.

எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. நாய் போனால் இந்த மனுசனும் போய்விடுவார், இன்றைக்கோ நாளைக்கோ இதே பெஞ்சில் சரிந்துவிடுவார் என்று தோன்றியது. என் மனைவிக்குப் போன் போட்டு என்னவென்று சொல்வது? உன் அப்பாவுக்கு நாய் மூத்திரம் போகாததால் இப்படி ஆகிவிட்டது என்றா?

கடைசியாக இன்னொரு தடவை எழுப்பினோம். செவலை எழுந்தது. தள்ளாடித் தள்ளாடி நாலு எட்டு வைத்தது. மரத்தைத் தாண்டியது. சொம்புத் தண்ணீரைத் தாண்டியது. பாட்டிலோடு நின்றிருந்த என்னை வந்து மோந்து பார்த்தது. எத்தனையோ வருடம் என்னைக் கண்டுகொள்ளாத நாய், அன்றைக்குத்தான் என் கால்சட்டையை அவ்வளவு அக்கறையாக ஆராய்ந்தது. பின்னங்காலை மெல்லத் தூக்கியது.

"நகந்துறாதீக மாப்ள! நகந்துறாதீக!" என்று கத்தினார் மாமா.

எங்கே நகர்வது? ஒரு கையில் பாட்டில், இன்னொரு கையில் கயிறு. கணுக்காலில் ஆரம்பித்து ஷூவுக்குள் இறங்கியது. சூடாக, நிற்காமல், தாராளமாக.

டாக்டரம்மா உள்ளேயிருந்து ஓடி வந்தார். "நல்லாப் போகுதா? கலரு எப்பிடி இருக்கு? பாத்துச் சொல்லுங்க!"

நான் குனிந்து பார்த்துச் சொன்னேன். வேறென்ன செய்வது? "மஞ்சளாத்தாங்க இருக்கு. நல்லாத்தான் போகுது." சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணிலும் தண்ணீர் வந்தது. மாமா மண்ணில் உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். என் காலைப் பார்த்துத்தான் கும்பிட்டார். என் ஆயுசில் மாமனார் எனக்குச் செய்த பெரிய மரியாதை அதுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா செவலையை உள்ளே கொண்டுபோய்ப் பார்த்து, பெஞ்சுக்குப் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டு, "இனி பயமில்ல. ஆனா இன்னைக்கு அது வாயில ஒண்ணும் வைக்கக் கூடாது. நீங்க திங்கிறது இனிமே என்னைக்கும் கூடாது, சொல்லிட்டேன்" என்றார். மாமா நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டினார்.

அத்தை பையிலிருந்து இட்லிப் பொட்டலத்தை எடுத்து, பெஞ்சில் உட்கார்ந்து மடியில் வைத்துப் பிரித்தார். காலையில் கடையில் வாங்கியது, ஆறிப்போய்க் கல்லாகக் கிடந்தது. மாமா ஒரு விள்ளல் பிட்டார். சட்னியில் தொட்டார். ஆறிப்போன இட்லியை அப்படியும் ஊதினார். கை தானாக இடது பக்கம், செவலை படுத்திருந்த பக்கம் போனது. செவலையும் தலையைத் தூக்கியது.

"அய்யா!" என்றார் டாக்டரம்மா.

கை அந்தரத்தில் நின்றது. நாயிடமும் போகவில்லை, அவர் வாய்க்கும் திரும்பவில்லை. முதல் வாயைத் தானே தின்பது எப்படி என்று அந்தக் கைக்குத் தெரியாது. மாமா அதை வைத்துக்கொண்டு முழித்தார். என்னைப் பார்த்தார். நான் ஈரக் காலோடு ரெண்டு எட்டுப் பின்னால் போனேன். அப்புறம்தான், பொட்டலத்தை மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தையைப் பார்த்தார். நேற்றிலிருந்து பக்கத்திலேயே இருக்கிற அத்தையை அப்போதுதான் வந்தவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ஏ, நீ சாப்பிட்டியா?"

அவர் இப்படிக் கேட்டு நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"நீங்க சாப்பிடாம நான் என்னைக்குச் சாப்பிட்டிருக்கேன்?" என்றார் அத்தை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அப்போதுதான் எனக்கும் உறைத்தது, இந்த அம்மாவும் நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீரோடு கிடந்திருக்கிறார்.

கை மெல்ல அத்தையின் பக்கம் திரும்பியது.

"ஐயய்ய, என்னங்க இது, ஆளுக பாக்குறாக!" என்று அத்தை முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனார். கொண்டுபோனவர், வாயைத் திறந்துவிட்டார். மாமா ஊட்டினார். அத்தை முகமெல்லாம் சிவக்க மென்றார். விழுங்கும் வரை மாமா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தனக்கென்று ஒரு துண்டைப் பிட்டு வாய்க்குக் கொண்டுபோனார்.

அத்தை அந்தக் கையை எட்டிப் பிடித்து நிறுத்தினார்.

"உங்க செவலைக்குன்னா மூணு வாய் போகும். எனக்கு ஒண்ணோட முடிச்சுப்புட்டீக?"